பெங்களூர்க் கத்திரிக்காயின் பூர்வீகம்

இந்திராநகர் நூறடிச் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், முதல் மாடியில், பத்துப் பன்னிரண்டு மேசைகள் மட்டுமே கொண்ட ஒரு மெக்சிக உணவகம் இருக்கிறது. சென்ற ஆண்டின் ஒரு ஞாயிறு நண்பகலில் அங்கே ஒரு தாயும் மகளும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். மகள் ஒன்பது ஆண்டுகளாக இந்நகரில் மென்பொருள் பணியில் இருப்பவர். தாய் பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து முந்தைய இரவுப் பேருந்தில் வந்திறங்கியவர். மகளின் கைப்பையில் ஒரு குத்தகை ஒப்பந்தம் இருந்தது. ஊரிலுள்ள மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை ஐந்தாண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தாய் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்பது மகளின் விருப்பம். கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதைக் கேட்பதற்கு வீட்டைவிட வெளியிடம் எளிது என்று அவர் எண்ணியிருக்கலாம்.

உணவுப்பட்டியலின் முகப்பில் 'அசல் மெக்சிக உணவு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் அச்சிடப்பட்டிருந்தது. மகள் அதைத் தமிழில் சொன்னதும் தாய் சிரித்தார்.

"அசலுன்னா, வட்டி தனியா?"

நகைச்சுவையாகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் சொல்லின் வரலாறு அதில் முழுமையாக இருக்கிறது. வேர், மூலம் என்று பொருள்படும் அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து 'அசல்' ஆயிற்று. நகரத்தவருக்கு அதன் எதிர்ச்சொல் 'போலி'. கடன் வாங்கி விதைப்பவர்களுக்கு அதன் எதிர்ச்சொல் 'வட்டி'. உணவைப் பற்றிய நம் உரையாடல்களில் முதற்பொருளே கோலோச்சுகிறது. அந்த மேசையில் இரண்டாம் பொருளும் உடன் அமர்ந்திருந்தது.

பெங்களூரில் மெக்சிக உணவின் வரலாறு நீண்டதன்று. 2010ஆம் ஆண்டு மல்லேசுவரத்தின் மந்திரி ஸ்கொயர் வணிக வளாகத்தில் டாக்கோ பெல் நிறுவனம் தன் முதல் இந்தியக் கிளையைத் திறந்தது. 1962இல் கலிபோர்னியாவில் கிளென் பெல் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. மெக்சிகோவைவிட அமெரிக்க நெடுஞ்சாலைக்கே நெருக்கமான சுவை அதனுடையது. அதே 2010ஆம் ஆண்டின் நவம்பரில், மிச்சோவாகான் மாநிலத்தின் மரபை முன்மாதிரியாகக் காட்டி, மெக்சிக மரபுச் சமையலை யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் இந்திராநகரிலும் கோரமங்கலாவிலும் தோன்றிய சிறு உணவகங்கள் 'நாங்கள் அது இல்லை, இது' என்று சொல்லவேண்டிய கட்டாயத்தில் பிறந்தவை. 'அசல்' என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டதற்கு அதுவே காரணம். (கோதுமை மாவில் சுருட்டிய புரிட்டோ மெக்சிகோவின் வடக்கிலும் எல்லைக்கு அப்பாலும் வளர்ந்தது, கோதுமையே ஸ்பானியர் கொண்டுவந்தது, 'அல் பாஸ்தோர்' டாக்கோவின் சுழலும் இறைச்சிக்கம்பி லெபனானிய குடியேறிகளின் கொடை. அசலைத் தோண்டத் தோண்ட அடியில் யாரோ ஒரு வந்தேறி இருக்கிறார்.)

முதலில் வந்தது மக்காச்சோள டாக்கோ. உள்ளங்கை அகல ரொட்டிகள் மூன்று, மேலே வதக்கிய காய், நறுக்கிய வெங்காயம், மல்லித்தழை. தாய் காயை ஒதுக்கிவிட்டு ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார். மகளுக்குச் சற்றுக் கூச்சம். பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா, இதுல சுண்ணாம்பு வாசம் வருது."

பரிமாறிய இளைஞர் அதைக் கேட்டுத் திரும்பினார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின் பெங்களூருக்கு நகர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. "சரியாச் சொன்னீங்கம்மா. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு, ராத்திரி பூரா ஊறப்போட்டு, காலையில கழுவி அரைக்கிறோம்" என்றார். இத்தனை நாளில் வாடிக்கையாளர் எவரும் சொல்லாமலே கண்டுபிடித்ததில்லை என்றும் சொன்னார்.

இந்தச் சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மெக்சிக உணவின் முதுகெலும்பு மக்காச்சோளம் அன்று. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைக்கும் அறிவே முதுகெலும்பு. நாவாட்டில் மொழியில் அவ்வாறு வெந்த சோளத்துக்கு 'நிஷ்தமல்லி' என்று பெயர். 'நெஷ்த்லி' என்றால் சாம்பல், 'தமல்லி' என்றால் சோளமாவுப் பண்டம். (நம் மல்லிக்கும் இதற்கும் உறவில்லை.) சுண்ணாம்பின் காரத்தன்மை மணியின் மேல்தோலைக் கழற்றுகிறது, மாவுக்குப் பிசுபிசுப்பையும் வளையும் தன்மையையும் தருகிறது. அதைவிட முக்கியம், மக்காச்சோளத்தில் உடலுக்குக் கிட்டாதவாறு பிணைந்திருக்கும் நியாசின் என்னும் வைட்டமினை அது விடுவிக்கிறது. ஸ்பானியர் விதையை எடுத்துச்சென்றனர், செய்முறையை எடுத்துச்செல்லவில்லை. விளைவு, மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட இத்தாலிய ஏழைகளிடமும், பின்னர் அமெரிக்கத் தென்மாநிலத்து ஏழைகளிடமும் பெல்லாக்ரா என்னும் நோய் பரவியது. தோல் தடித்து உரிந்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கி மாண்டனர். தக்காணத்தில் வெண்சோளத்தை மட்டும் உண்டு வாழ்ந்தவர்களிடமும் இந்நோய் காணப்பட்டது. அதற்குக் காரணம் தேடி 1960இல் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சுட்டியது ஊட்டச்சத்தியல் வரலாற்றில் பேசப்படும் ஆய்வு. ஒரு தானியம் கடலைக் கடக்கும்போது அதன் இலக்கணம் கரையிலேயே நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மொழித்துறை மாணவர்கள் கடன்சொற்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த நோயை நினைத்துக்கொள்ளலாம்.

வெற்றிலை போடும் ஒருவருக்குச் சுண்ணாம்பு வாசம் தெரிவதில் வியப்பில்லை. அதற்கடுத்து அவர் கேட்டதுதான் மகளை நிமிரவைத்தது.

"கோழிக்குப் போடுற சோளந்தானே தம்பி இது? இந்தத் தட்டு என்ன வெலை?"

நானூறு ரூபாய். 2024-25ஆம் ஆண்டுக்கு மைய அரசு மக்காச்சோளத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். அதாவது அந்தத் தட்டின் விலை ஏறத்தாழ 18 கிலோ மக்காச்சோளம். மூன்று ரொட்டிக்கு நூறு கிராம் தானியம்கூட வேண்டாம். வாடகை, கூலி, எரிவாயு, வரி எல்லாவற்றையும் கழித்தும் இந்தக் கணக்கு உறுத்துகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தாய் அதை மனக்கணக்காகவே போட்டிருக்கவேண்டும். எதுவும் சொல்லவில்லை, உண்ணத் தொடங்கினார். பெரம்பலூர்ப் பகுதியில் பருத்திக்கு இணையாக மக்காச்சோளம் விளைகிறது. பெரும்பகுதி நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்குப் போகிறது. விளைவிப்பவர் வீட்டில் அது பெரும்பாலும் உணவன்று, சரக்கு. முப்பதாண்டுகள் மக்காச்சோளம் விதைத்த ஒருவர் அதை ரொட்டியாக உண்டது அன்றே முதன்முறை.

"மெக்சிகோவுல இருந்து வந்ததாலதான் மக்காச்சோளமா?" என்று பின்னர் கேட்டார். மகள் இல்லை என்று சொல்லக் கைப்பேசியை எடுத்தார். மொழியியலார் இதை மக்கள் சொற்பிறப்பியல் என்பர். 'மக்கா' என்னும் முன்னொட்டு மெக்கா நகரைக் குறிப்பது என்பதே பரவலான விளக்கம். வெளியிலிருந்து வந்த பொருளுக்கு ஒரு தொலைதூர ஊரின் பெயரைச் சூட்டுவது உலகெங்கும் வழக்கம். இத்தாலியர் இதே தானியத்தைத் 'துருக்கித் தானியம்' என்று பொருள்பட அழைத்தனர். கன்னடத்தில் 'மெக்கெஜோள' என்றும், இன்னும் அழகாக 'முசுகின ஜோள' என்றும் பெயர், முக்காடிட்ட சோளம். தாயின் விளக்கம் சொல்லளவில் பிழை. ஆனால் பொருளளவில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசின்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து உருவாக்கப்பட்ட பயிரை அது சரியான ஊருக்கே கொண்டுசேர்க்கிறது. பிழையான வழியில் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த விளக்கம். பெங்களூரின் பெயருக்கே, வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' ஆயிற்று என்னும் கதை சொல்லப்படுகிறது; அம்மன்னனுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பேகூர் நடுகல் கல்வெட்டில் 'பெங்களூரு' ஏற்கெனவே இருக்கிறது. கல்வெட்டு இருந்தும் கதை சாகவில்லை.

கல்விப்புலத்தாரும் இத்தகைய கதைகளிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர். மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கேசவர் கோயிலின் சிற்பங்கள் கையில் ஏந்தியிருப்பது மக்காச்சோளக் கதிர்தான் என்றும், எனவே கொலம்பசுக்கு முன்பே அது இந்தியா வந்துவிட்டது என்றும் 1989இல் ஜோஹன்னசனும் பார்க்கரும் எழுதினர். அது முத்துகளால் ஆன கற்பனைக் கனியாகிய முக்தாபலம் என்று 1993இல் பாயக்கும் சச்சானும் மறுத்தனர். மறுப்பே பெரும்பாலோருக்கு ஏற்புடையது. ஆயினும் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் அந்தக் கதிர் இன்னும் முற்றிக்கொண்டேயிருக்கிறது.

அடுத்து ஒரு சிறு கிண்ணத்தில் பச்சைச் சட்னி வந்தது. சுவரில் அதன் மூலப்பொருளின் படம் மாட்டியிருந்தது: காகிதம் போன்ற உறைக்குள் ஒரு பச்சைக் காய். தாய் படத்தைப் பார்த்ததும் வலக்கையைத் தூக்கி நெற்றியருகே கொண்டுபோய், பிறகு இடம் நினைவுக்கு வந்து இறக்கிக்கொண்டார். வயல் வரப்பில் வளர்ந்த எவருக்கும் அந்த அசைவின் பொருள் தெரியும். சொடக்குத்தக்காளியை உறையோடு பறித்து நெற்றியில் அடித்தால் 'டொப்'பென்று வெடிக்கும்.

"இது நம்ம சொடக்குத்தக்காளி. இவ்வளவு பெருசா வளருமா?"

அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். மெக்சிகோவின் தொமத்தியோவும் நம் சொடக்குத்தக்காளியும் பைசாலிஸ் குடும்பத்து உடன்பிறப்புகள். இதில் மொழியியல் வியப்பு ஒன்று இருக்கிறது. நாவாட்டிலில் 'தொமாத்ல்' என்பது சாறுள்ள உருண்டைக் கனிகளுக்கான பொதுப்பெயர். சிவப்புத் தக்காளிக்கு 'ஷித்தொமாத்ல்' என்று தனிப்பெயர். ஸ்பானியர் முன்னொட்டை விட்டுவிட்டு 'தொமாத்தே' என்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர். இன்றும் நடு மெக்சிகோவில் 'தொமாத்தே' என்று கேட்டால் பச்சை உறைக்காயும் 'ஹித்தொமாத்தே' என்று கேட்டால் சிவப்புப் பழமும் கிடைக்கும். தமிழிலும் ஏறத்தாழ இதே நாடகம். மணத்தக்காளி, சிறுதக்காளி, சொடக்குத்தக்காளி என்று இங்கேயே வளர்ந்த சிறு கனிகளின் பெயர்கள் இருந்தன. புதிய சிவப்புப் பழம் சீமைத்தக்காளியாக நுழைந்தது. சில தலைமுறைகளில் 'சீமை'யை உதறிவிட்டுத் தக்காளி என்னும் பெயரைத் தானே எடுத்துக்கொண்டது. இப்போது மணத்தக்காளிதான் அடைமொழியோடு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரு மொழிகள், ஒரே பழத்தின் முன் ஒரே விதமாக இடம்விட்டு நின்றிருக்கின்றன.

மிளகாய் பற்றி இந்த வட்டத்தில் பலரும் எழுதியாகிவிட்டது. மிளகின் காய் மிளகாய், மெணசின் காய் மெணசினகாயி என்பதோடு கடந்துவிடலாம். குவாக்கமோலே, அந்த மேசையின் தாய்க்குப் பிடிக்கவில்லை. பெங்களூர்ப் பழச்சாற்றுக் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்ற பெயரில் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துத் தருவதே மேல் என்று முகம் சொல்லிற்று. புளித்தண்ணீரில் சர்க்கரை கரைத்துத் தந்த 'ஆகுவா தெ தமரிந்தோ'வை மட்டும் ஒரே மூச்சில் குடித்தார். "சுக்கு போடாத பானகம்" என்றார். புளி இங்கிருந்து அங்கே போன பொருள். அதற்கு ஈடாக அங்கிருந்து வந்த ஒன்றையும் நாம் புளி என்றே அழைக்கிறோம்: கொடுக்காப்புளி. பள்ளி வாசல்களில் சுருள் சுருளாக விற்கும் அந்தக் காயின் தாயகம் மெக்சிகோவும் அதன் அண்டைப் பகுதிகளும். அங்கே அதன் பெயர் குவாமுச்சில். ஆனால் தாவரவியல் அதற்கு முறையாகப் பெயரிட்டது சோழமண்டலக் கரையில் வளர்ந்த மரத்தை வைத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வில்லியம் ராக்ஸ்பர்க் கையால்.

இவையெல்லாம் பயணப்பட்ட வழிகளுள் ஒன்று மணிலாக் கப்பல். 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவை விதைகளை மட்டும் ஏற்றவில்லை. வங்கத்திலும் மலபாரிலும் சோழமண்டலத்திலும் போர்ச்சுகீசியர் வாங்கிய அடிமைகள் மணிலாவில் கைமாறி மெக்சிகோவில் விற்கப்பட்டனர். ஆசியர் எவராயினும் அங்கே 'சீனோ' என்றே பதியப்பட்டனர். அவர்களை அடிமையாக வைத்திருப்பது 1672இல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பியூப்ளா நகரில் வாழ்ந்து 1688இல் இறந்த காதரீனா தெ சான் ஹுவான், இந்தியாவில் பிறந்து சிறுமியாகக் கடத்தப்பட்டவர்; 'சீனா பொப்ளானா' என்று இன்றும் நினைக்கப்படுகிறார். இந்திராநகரில் அறியப்பட்ட ஒரு மெக்சிக உணவகத்தின் பெயர் 'சினிட்டா'. அந்தச் 'சீனா'வின் செல்ல வடிவம் அது. பெயர் சூட்டியவர் மனத்தில் என்ன இருந்ததோ, அகபுல்கோவில் இறங்கிய ஓர் இந்தியச் சிறுமியையும் அச்சொல் அழைத்திருக்கக்கூடும். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகத் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ், மோலேக்கும் நம் குழம்புக்கும் இடையிலான ஒற்றுமையைக் கவனித்து எழுதியவர். ஒற்றுமை கண்ணில் படும். அது எவர் முதுகில் ஏறி வந்தது என்பது எளிதில் படுவதில்லை.

உண்டு முடித்த தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய காய் மட்டும் இருந்தது. தாய் கடைசியாக அதில் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டார்.

"ஏன் தம்பி, இது பெங்களூர்க் கத்திரிக்காய் தானே?"

சௌசௌ. கன்னடத்தில் சீமெ பதனெகாயி, அதாவது சீமைக் கத்திரிக்காய். தமிழிலும் தெலுங்கிலும் பெங்களூர்க் கத்திரிக்காய். ஸ்பானியத்தில் 'சயோத்தே', நாவாட்டில் 'சயோத்லி'யிலிருந்து வந்தது. மெக்சிகோவே அதன் பூர்வீகம். பெங்களூர்க்காரர் அதைச் சீமைப் பொருள் என்கின்றனர். மற்றவர்கள் பெங்களூர்ப் பொருள் என்கின்றனர். யார் கையிலிருந்து கடைசியாக வாங்கினோமோ அவர் ஊரைப் பெயராகச் சூட்டுகிறோம். அந்தத் தட்டில் மிகமிக அசலான மெக்சிகப் பண்டம் அதுவே. தங்கவயல் இளைஞர் அது தெரியாமல் சற்றுத் தயங்கி, "ஆமாம்மா, இங்க அங்குள்ள காய் எல்லாம் கெடைக்காது, அதான் இதைப் போடுறோம்" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

மகள் அப்போது கைப்பையைத் திறந்தார். தாளை எடுக்கவில்லை, வேறு பேசினார். 2018ஐப் பற்றிய பேச்சு. அவ்வாண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, சில மாதங்களில் பெரம்பலூர் வயல்களை எட்டியது. பயிர் வந்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதன் பூச்சியும் வழி கேட்டு வந்துசேர்ந்தது. குருத்துக்குள் அமர்ந்து தின்னும் புழு. மருந்து உள்ளே இறங்காது. மூன்று ஏக்கரும் போயிற்று. அந்தக் கடனின் வட்டியை ஈராண்டும், அசலை மூன்றாம் ஆண்டிலும் மகளே அடைத்தார். இனியொரு முறை அப்படி நேர்ந்தால், என்று தொடங்கினார்.

தாய் மறுத்துப் பேசவில்லை. "நீ கட்டுனது எனக்கு மறக்கல பாப்பா" என்றார். பிறகு இளைஞரை அழைத்து, வேகவைக்காத சோளம் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டார். அவர் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். தாவணகெரே பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். தாய் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"இது நம்ம சோளந்தான். ஒரு கிலோவுக்கு எவ்வளவு சுண்ணாம்பு?"

"பத்துக் கிராம் இருக்கும்மா."

"வெத்தலைக்குப் போடுறதா?"

"அதேதான், ஆனா சுத்தமா இருக்கணும்."

"ஊறவெச்சுக் கழுவுறீங்களே, அந்தத் தண்ணி மஞ்சளா இருக்குமா?"

"ஆமாம்மா. தோலெல்லாம் கரைஞ்சு கெட்டியா வரும். கீழே ஊத்திடுவோம்."

தாய் சற்று நேரம் யோசித்தார். மகளின் கை பையின் மேலேயே இருந்தது.

"அதை மாட்டுக்கு வைக்கலாமா?"

இளைஞருக்குத் தெரியவில்லை. "இருங்கம்மா, உள்ளே கேட்டுட்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போனார்.